பெரிய சிபியு வேண்டும் என்றார் அப்பா

1

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் அப்பா நேரம். ஜெர்மனியில் நியூரம்பெர்க் என்ற ஊரில் நானும் என் மனைவி நித்யாவும் அப்போது இரண்டாவது காபியில் இருப்போம். பதினான்கு வயது மகள் இனியா போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவள் மாதிரி நாற்காலியில் வந்து உட்காருவாள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் சேலையூரில் என் அப்பா மத்தியானச் சாப்பாட்டை முடித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலை வாரிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் காத்திருப்பார். அம்மா போன பிறகு அவர் இஸ்திரிச் சட்டை மாட்டுவது இதற்கும் கோயிலுக்கும் மட்டும்தான்.

அவருக்கும் பேத்திக்கும் நடுவில் மிச்சம் இருப்பது அந்த ஒரு அழைப்புதான். வாரத்தில் ஒரு நாள், அவர் அவள் முகத்தைப் பார்ப்பது. அதுவும் இப்போதெல்லாம் பத்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. "சூடாயிடுச்சுப்பா, வெச்சிடறேன்" என்பார். டொக்கென்று திரை கறுத்துவிடும்.

இந்த ஜனவரியில் அம்மாவின் திதிக்கு ஊருக்குப் போய்வந்தேன். வந்ததிலிருந்து மனசு சரியில்லை. வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், கோபம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஊரில் இருக்கிற நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள். இங்கே யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்து வீட்டு ஜெர்மன்காரருக்கு நான் ஞாயிற்றுக்கிழமையில் மிக்ஸி ஓட்டாமல் இருந்தால் போதும்.

2

எல்லாம் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரால் வந்தது.

அம்மாவின் முதல் வருஷத் திதிக்குப் போயிருந்தபோதே அப்பா கேட்டிருந்தார். "போன்ல பாப்பா மூஞ்சி கடுகு மாதிரி தெரியுதுடா. நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கிக் குடு." அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டெண்டண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் திறந்து எதையும் கேட்கிற ஆள் இல்லை. கேட்டுவிட்டார், எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

கடையில் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். நான் அப்படிச் செய்வேனா? அடுத்த பயணத்துக்கு முன்னால் வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலமான பெட்டி. உள்ளே போர்டும் ப்ராசஸரும் மட்டும் இருக்கும். ரேம், எஸ்எஸ்டி என்கிற மெமரி சமாச்சாரங்களை எல்லாம் நாமே தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். மின்சாரம் ஒரு குண்டு பல்பு அளவுதான் இழுக்கும். மானிட்டருக்குப் பின்னால் திருகி மாட்டிவிட்டால் மேஜையில் இடமே அடைக்காது. எந்தப் பெட்டியில் காற்றாடிச் சத்தம் குறைவு, எதற்கு எந்த ரேம் ஒத்துவரும் என்று மூன்று மொழிகளில் படித்தேன். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இதுல பாதி யோசிச்சீங்களா?" என்றாள் நித்யா. பாதிகூட இல்லை, உண்மைதான்.

காலுறைகளுக்குள் சுருட்டிக் கைப்பையில் கொண்டுபோனேன். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி வெளியே எடுக்கச் சொன்னார். இது கம்ப்யூட்டர் என்றேன். "மெமரி எங்க?" என்றார். தனியாக இருக்கிறது என்றேன். "மெமரி இல்லாம எப்படி சார் இது கம்ப்யூட்டர்?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டி, அவர் இன்னொருவரிடம் காட்டி, அவர்களுக்குள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் எங்கள் பெட்டிகள் பெல்ட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

சேலையூர் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் நியூஸ் பேப்பர் விரித்து அதைக் கட்டினேன். அடியில் நாலு திருகு. மூடியைக் கழற்றி, ரேமைச் சாய்த்துச் செருகி, 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன். இனியா அப்போது சின்னவள். திருகுகளைத் தொலைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, நான்தான் இதைச் செஞ்சேன்" என்று குதித்தாள். அப்பா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வெளிச்சம் வந்தது.

"சரி, சிபியு எங்கடா?" என்றார்.

நம் ஊரில் மேஜைக்கு அடியில் நிற்கிற பெரிய டப்பாவுக்குத்தான் சிபியு என்று பேர். "இதுதான்ப்பா சிபியு" என்று காட்டினேன்.

அவர் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். திருப்பினார். "இதா?" என்றார். "டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு. இதுக்கா ரெண்டு மாசமா ஆர்ப்பாட்டம் பண்ணினே?"

3

நான் கிளம்புவதற்குள்ளேயே எதிர் வீட்டுப் பத்மநாபன் சார் வந்துவிட்டார். அப்பாவோடு ஏரிக்கரையில் நடைப்பயிற்சி போகிறவர். அவர் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். 'என் பையன் ஜெர்மனியிலேருந்து கம்ப்யூட்டர் கொண்டாறான்' என்று அப்பா ஏரிக்கரை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பத்மநாபன் சார் மேஜையைப் பார்த்தார், அடியில் குனிந்தும் பார்த்தார். பிறகு நல்ல மனசோடு, "என்ன சார், செட்டாப் பாக்ஸை மாத்திட்டீங்களா?" என்றார்.

அப்பா காபி போட எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் வரவே இல்லை. நான்தான் போய்க் காபியை எடுத்து வந்தேன்.

நியூரம்பெர்க் வந்து சேர்ந்ததும் போன். "பெரிய சிபியுவா ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கக் கூடாதா? பத்மநாபன் வீட்டுல இருக்கு பாரு, ஃபிரிட்ஜ் மாதிரி. கண்ணாடி வெச்சு, உள்ள லைட்டெல்லாம் எரியுது."

"சைஸ்ல என்னப்பா இருக்கு? அதைவிட இது வேகமானது."

"உனக்கென்னடா, ஏரோப்ளேன் ஏறிப் போயிட்டே. தெனம் இவனுங்க மூஞ்சில முழிக்கறவன் நான்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு ஒரு பிரசங்கமே பண்ணினேன். சின்ன பெட்டி, பெரிய பெட்டி, இந்தியர்களின் பகட்டு, கல்யாண மண்டபம் என்று எங்கெங்கோ போய் வந்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா? பாப்பாவைக் கூப்பிடு" என்றார்.

4

இங்கே என் பேர் யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பேர்தான் இருக்கிறது. அதனால் டாக்டர் வீட்டில், பள்ளிக்கூடத்தில், குப்பைத்தொட்டிக் கட்டணம் கேட்டு வருகிற கடிதத்தில் எல்லாம் நான் ஹெர் வேதாசலம், அதாவது திரு. வேதாசலம். குடியுரிமை அலுவலகத்து அம்மாள், உங்கள் மனைவிக்கு ஏன் வேறு குடும்பப் பெயர், நீங்கள் பிரிந்துவிட்டீர்களா என்று கவலையோடு கேட்டாள். அது அவள் அப்பா பேர் என்றேன். அப்படியானால் உங்கள் குடும்பத்தின் பேர் என்ன என்றாள். இல்லை என்றேன். பாவம், நாங்கள் ஏதோ விபத்தில் சிக்கினவர்கள் மாதிரி பார்த்தாள். இனியாவைப் பள்ளியில் 'வேதா' என்று கூப்பிடுகிறார்கள். தாத்தாவின் பேரைச் சுமந்துகொண்டு திரிகிறாள். தாத்தாவோடு அரை மணி உட்காரச் சொன்னால்தான் உயிர் போகிறது.

அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அப்பா லேசுப்பட்டவர் இல்லை. திரையில் அவள் முகம் தெரிந்ததும் முதல் வார்த்தை, "என்ன பாப்பா, வெயிட் போட்டுட்டே." அடுத்த வாரம், "கறுத்துட்டியே." அதற்கடுத்த வாரம், "பத்மநாபன் பேத்தி பாட்டுல பரிசு வாங்கிட்டா, நீ என்ன பண்றே?" நடுவில் விமானப்படை விமானம் ஒன்று கூரைமேல் உறுமிக்கொண்டு போகும், இரண்டு பக்கமும் பேச்சு நிற்கும். அது போனதும், "என்ன சாப்ட்டே?" அவள் பாஸ்தா என்பாள். "தெனமும் அதானா?" இவளுக்குத் தமிழில் மூன்று பதில்கள் இருந்தன. "ம்", "நல்லாருக்கேன்", "சரி தாத்தா". சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் அழைப்பு அறுந்துபோக ஆரம்பித்தது. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவர் படம் அப்படியே உறையும். வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடியபடி நிற்பார். சில நொடிகளில் இணைப்பே போய்விடும். அவர் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறது என்றார். சூடு, எனக்குத் தெரியும். காற்றுப் போக இடமில்லை.

"மூடி வெச்சிருக்கீங்களாப்பா?"

"இல்லடா."

"மேல துணி கிணி போட்டிருக்கீங்களா?"

"நான் என்ன முட்டாளா?"

"பொய் சொல்லாதீங்க. சும்மா சூடாகாது அது."

"உன் சாமான் மட்டம். அதை ஒத்துக்கோ."

வாரா வாரம் இதே சண்டை. இனியா மட்டும் இந்த ஏற்பாட்டில் சந்தோஷமாக இருந்தாள். படம் உறைந்ததும் அவள் முதல் ஆளாக எழுந்துவிடுவாள்.

5

போன தீபாவளிக்கு முந்தின ஒரு ஞாயிறு. வழக்கம்போலப் படம் நின்றது. அப்பா ஒரு பக்கமாகத் திரும்பி யாரையோ பார்த்தபடி உறைந்திருந்தார். போச்சு என்று நினைத்தோம். மடிக்கணினியை மூடக்கூட இல்லை. எதற்கு மூட வேண்டும், அதுவாக அறுந்துவிடும்.

இனியா போர்வையைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு தாத்தா மாதிரி ஆரம்பித்தாள். கழுத்தைச் சாய்த்து, மூக்கால் இழுத்து, "வெயிட் போட்டுட்டே பாப்பா... என்ன சாப்ட்டே... தெனமும் அதானா..." அச்சு அசல் அப்பா. நித்யா டம்ளரை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அவ்வளவு நன்றாகச் செய்தாள்.

"பாவம் அவர், உன்மேல பாசம்" என்றாள் நித்யா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பாசமாவது" என்றேன் நான். "எதிர் வீட்டுக்காரருக்குக் காட்ட ஒரு பேத்தி வேணும். அவ்வளவுதான்."

இனியா போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். "அப்பா, இது இன்னும் எத்தனை வருஷம் பண்ணணும்?"

"தாத்தாவுக்கு எழுபத்தெட்டு ஆகுது" என்றேன். "நீயே கணக்குப் போட்டுக்கோ."

மூன்று பேரும் சிரித்தோம். வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால்தான் அந்தக் காலை எனக்கு இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது.

அதற்கடுத்த வாரத்திலிருந்து படம் உறையவில்லை. உறைகிற நேரம் வருவதற்கு முன்பே அப்பா, "சூடாயிடுச்சுப்பா, வெச்சிடறேன்" என்று தானே வைக்க ஆரம்பித்தார். இனியாவிடம் வெயிட் என்றும் கறுப்பு என்றும் ஒன்றும் சொல்வதில்லை. "நல்லாருக்கியா? சரி, போய்ப் படி." கிழவர் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

6

ஜனவரியில் நான் மட்டும் தனியாகப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். ஹாலில் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் ராட்சசக் கறுப்பு கம்ப்யூட்டர் கேபினட் நின்றது. கண்ணாடிக் கதவு, உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் காய்ந்திருந்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் குட்டிப் பெட்டியைத் தூக்கி இதற்குள் அடைத்துவைத்து, கதவை மூடி, இவ்வளவு நாளும் என்னிடம் சத்தியம் பண்ணியிருக்கிறார். ஊர் மெச்ச ஒரு டப்பா. சூடாகாமல் என்ன செய்யும்? அப்பா குளித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவைக் கழற்றினேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது.

மானிட்டரின் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். நான் மாட்டிவிட்டுப்போன இடத்திலேயே என் பெட்டி இருந்தது. தொட்டேன், சில்லென்று இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, உள்ளே எவ்வளவு சூடு என்று நியூரம்பெர்க்கிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு சின்ன நிரலை ஏற்றினேன். அரை மணி ஓடவிட்டும் சூடே இல்லை.

கேபினட்டின் பின்புறம் கேம்ப் ரோடு கடை ஒன்றின் ஸ்டிக்கர் இருந்தது. குளித்துவிட்டு வந்தவரிடம் ஒன்றும் கேட்காமல் நேராக அங்கே போனேன். கடைக்காரர் ஏழுமலை ஒரு பிரிண்டரைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேதாசலம் சார் புள்ளையா நீங்க? வாங்க சார், குந்துங்க. மொதல்ல சார் வந்து காலி கேபினட் கேக்கசொல்ல நான் சிரிச்சுட்டேன். உள்ள ஒண்ணியும் வேணாமா சார், இன்னா காமெடி பண்றீங்கன்னேன். லைட்டு மட்டும் எரியணும்னாரு. செஞ்சு குடுத்தேன். சார் அந்தக் குட்டிப் பொட்டிய அதுக்குள்ள வெச்சு மூடிகினாரு போல. அப்பால தெனமும் போன் பண்ணி பேஜாரு, அணைஞ்சு அணைஞ்சு பூடுதுன்னு."

"எப்ப வெளியே எடுத்தீங்க?"

"தீபாவளிக்கு மின்னாடி. ஞாயித்துக்கெழம, கடை லீவு. சார் பாவம்னு வூட்டுக்குப் போனேன். நீங்க அப்பதான் லைன்ல பேசிகினு இருந்தீங்க. நான் சைடு டோரைக் கழட்டினேன். கையி வெக்க முடியல, அவ்ளோ சூடு. காத்து பட்டதும் பொட்டி அணையாம நின்னுக்கிச்சு. படம் மட்டும் மாட்டிக்கிச்சு. ஆனா வாய்ஸு சும்மா கணீர்னு வந்துகினு இருந்துச்சு சார்."

அவர் திருப்புளியால் பிரிண்டரின் ஒரு மூடியை நெம்பினார்.

"குடும்பத்தோட நல்லா சிரிச்சுகினு இருந்தீங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஸ்பீக்கர அணைக்கலாம்னு கையி வெச்சேன். சார்தான் புடிச்சுக்கினாரு. இருக்கட்டும் ஏழுமலை, பாப்பா சிரிக்குதுல்ல, நான் கேட்டதே இல்லன்னாரு. முழுசா கேட்டாரு சார். நீங்க கணக்கு சொன்ன வரைக்கும்."

7

மறுநாள் திதி முடிந்து, காக்காய்க்குச் சோறு வைத்து, அப்பாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். என்னால் அடக்க முடியவில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"பெட்டி சூடே ஆகலையேப்பா. அப்புறம் ஏன் சூடு சூடுன்னு வெச்சுடறீங்க? பொய்தானே?"

அப்பா அப்பளத்தை உடைத்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாப்பா பாவம்டா. இன்னும் எத்தனை வருஷம்னு அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. வருஷத்தைக் குறைக்க என் கையில இல்ல. அதான் நிமிஷத்தைக் குறைச்சேன்." கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, "ரசம் ஊத்திக்கோ" என்றார்.

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். மன்னிச்சுடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருந்தால் அவர், "எதுக்கு?" என்று கேட்டிருப்பார். அதைச் சொல்லும்படி என்னை உட்காரவைத்து வேடிக்கை பார்த்திருப்பார். எங்கப்பாவை எனக்குத் தெரியும்.

இனியாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நித்யாவிடமும்தான்.

இன்று காலை மறுபடியும் அப்பா நேரம். இஸ்திரிச் சட்டை, வாரின தலை. "நல்லாருக்கியா பாப்பா?" "ம்." "பரீட்சையா?" "ம்." விமானம் ஒன்று போனது. அது போகும்வரை காத்திருந்து, "சரிப்பா, சூடாயிடுச்சு, வெச்சிடறேன்" என்றார். "தாத்தா, பை" என்ற இனியா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, "இன்னைக்கு ரொம்ப சீக்கிரம்!" என்று என் தோளைத் தட்டிவிட்டு ஓடினாள். என் திரையின் ஓரத்தில் சேலையூர்ப் பெட்டியின் சூட்டைக் காட்டுகிற எண் இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம்கூட ஏறவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தடவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், ஹால் சோபாவிலிருந்து பத்மநாபன் சாரின் குரல் கேட்டது. "என்ன சார், பேத்தியோட அதுக்குள்ள பேசி முடிச்சாச்சா?"

"எங்க சார் பேச விடுது?" என்றார் அப்பா, கேபினட் பக்கம் கையைக் காட்டி. "பெரிய சிபியு பாருங்க. சட்டுனு சூடாயிடுது."